நகையும் தையலும், நடுவில் கொஞ்சம் நடிப்பும்: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு தங்கச்சி போன கிழமை கேட்டாள்: "அக்கா, எனக்கு நகை செய்யவும் தெரியும், பிளவுஸ் வெட்டித் தைக்கவும் தெரியும், ஊரில ரெண்டு குறும்படத்தில நடிச்சும் இருக்கிறன். இங்க எதில தொடங்கிறது?" எதிலும் தொடங்காதே, முதலில் உன் விசாத் தாளை எடுத்து வாசி, அப்புறம் ஒரு கொப்பி வாங்கு என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் யாராவது அப்போது அப்படிச் சொல்லியிருந்தால் பிடித்திருக்காது. ஆனால் நான் முதலில் வாங்கியது குறடும் ஊதுகுழலும், கொப்பி வாங்கியது மூன்றாவது வருடத்தில். அந்த மூன்று வருடத்தில் எத்தனை மணிநேரம் யாருக்குச் சும்மா கொடுத்தேன் என்று இன்றைக்கும் கணக்குச் சொல்ல முடியாது.

முதலில் தாள்

நிரந்தர வதிவுரிமையோ குடியுரிமையோ இருப்பவர்களுக்குச் சிக்கலே இல்லை, நேராக அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். திறந்த வேலை அனுமதி இருந்தாலும் சொந்தத் தொழில் செய்யலாம். ஒரே ஒரு முதலாளியின் பெயர் போட்ட வேலை அனுமதி என்றால் கவனம்: அந்தத் தாள் அந்த முதலாளியிடம் வேலை செய்யத்தான். சனி, ஞாயிறில் ஜிமிக்கி விற்பதையும் விளம்பரத்தில் தலைகாட்டுவதையும் அது தாங்காது. படிக்க வந்தவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணிநேரம் வேலை செய்யலாம் (2024 நவம்பரில் வந்த விதி). வியாபாரம் சின்னதுதானே, வீட்டுக்குள்தானே செய்கிறேன் என்பதெல்லாம் குடிவரவுக்காரருக்குச் சொல்லக்கூடிய பதில் இல்லை. சுற்றுலா விசாவில் வந்தவர்கள் இங்கே சம்பாதிக்க முடியாது, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் உரிமம் உள்ள ஆலோசகரிடமோ சட்டத்தரணியிடமோ ஒரு மணிநேரத்துக்குக் காசு கொடுத்துக் கேளுங்கள். மச்சானின் நண்பரிடம் கேட்காதீர்கள். மச்சானின் நண்பர் எப்போதும் "ஒண்டும் நடக்காது" என்றுதான் சொல்வார்.

வேலை செய்ய அனுமதி இருக்கிறதென்றால் அடுத்தது சின் நம்பர், அதாவது வேலைக்கும் வரிக்கும் வேண்டிய சமூகக் காப்புறுதி எண். தற்காலிக அனுமதியில் இருப்பவர்களின் எண் 9-இல் தொடங்கும், அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. விசா நீடித்தால் இதையும் மறக்காமல் புதுப்பிக்க வேண்டும்.

எதை விற்பது

எல்லாவற்றையும் விற்க ஆசைப்படுவதுதான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் விழுகிற குழி. தாலிக்கொடி, அட்டியல், பதக்கம் என்று பவுண் நகைக்குள் இறங்கப் போகிறீர்கள் என்றால், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏற்கெனவே பெரிய முதல் போட்டு வைத்திருக்கும் கடைகளோடு மோத வேண்டும். அது உங்களால் ஆகாது, குறைந்தபட்சம் முதல் ஐந்து வருடத்துக்கு. உங்கள் கைக்கு இடம் இருப்பது இடைவெளிகளில்தான். அரங்கேற்றத்துக்கு நிற்கும் பிள்ளைக்கு அளவு சரியாக அமைகிற தலைச்சாமான். சாமத்திய வீட்டுச் சாறியின் நிறத்துக்கே கல் தேடிக் கட்டிய செட். ஊரிலிருந்து வந்த பிளவுஸ் குளிர்காலத்தில் இறுகிப்போனால் பிரித்து, அகலம் விட்டு, ஆரி வேலை கெடாமல் மறுபடி தைத்துக் கொடுப்பது. இந்தக் கடைசி வேலையில் அழகு எதுவும் இல்லை, இன்ஸ்ரகிராமில் போட்டால் யாரும் இதயம் குத்த மாட்டார்கள், ஆனால் என் முதல் இரண்டு வருட வாடகையில் பாதி அதிலிருந்துதான் வந்தது.

கல்வி பற்றி ஒரு வார்த்தை. ஊரில் பத்தரின் பட்டறையில் கற்றவர்களுக்கு இங்கே வகுப்பு எதற்கு என்று தோன்றும். பொடி வைத்து ஊதத் தெரிந்த கைக்கு அடிப்படை சொல்லித்தரத் தேவையில்லைதான். ஆனாலும் ரொறன்ரோவில் ஜோர்ஜ் பிறவுன் பொலிடெக்னிக்கில் (முன்பு ஜோர்ஜ் பிறவுன் கல்லூரி) நகைத் தொழிலுக்கென்றே பாடநெறிகள் இருக்கின்றன. பகுதிநேரமாக ஒன்றிரண்டு பாடம் எடுத்தால் மெழுகு வார்ப்பும் கணினி வரைவும் கற்கலாம், அதைவிட முக்கியம், எந்த வார்ப்புக்காரர் நம்பகமானவர், கல்லுக்கு எங்கே போவது என்று கேட்க நாலு ஆட்கள் கிடைப்பார்கள். காசு இல்லையென்றால் ரொறன்ரோ பொது நூலகத்துக்குப் போங்கள். சில கிளைகளில் முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் இருக்கின்றன, நூலக அட்டை வேண்டும். என் முதல் நெத்திச்சுட்டி மாதிரி அங்கே அச்சடித்ததுதான், பிளாஸ்ரிக்கில், ஊதா நிறத்தில், பார்க்கச் சகிக்காது. ஆனால் அளவு சரியாக வந்தது.

இன்னொன்று: அப்பார்ட்மென்ரில் கேஸ் சிலிண்டர் வைத்துப் பற்றாசு ஊதாதீர்கள். வாடகை ஒப்பந்தமும் இடம் தராது, தீப்பிடித்தால் காப்புறுதிக்காரரும் கைவிரிப்பார். நெருப்பு வேலைக்கு வாடகைப் பட்டறையில் மேசை எடுத்துக்கொள்ளுங்கள், கோர்ப்பதையும் கட்டுவதையும் தைப்பதையும் மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை போடுவது

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் அடிவாங்குவது இங்கேதான்.

நான் முதன்முதலில் விற்ற கெம்புக்கல் அட்டியலுக்கு 70 டொலர் வாங்கினேன். கல், மணி, கொக்கி, நூல் எல்லாம் 41 டொலர், பெட்டி 4 டொலர். மிச்சம் 25. சந்தோஷமாக இருந்தது. அதைக் கட்ட ஐந்து மணிநேரம் ஆனது என்பது எனக்குத் தெரியும், ஆனால் அந்த ஐந்து மணிநேரத்தை நான் எங்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால் என் கூலி மணிக்கு 5 டொலர் என்று தெரிந்திருக்கும். ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபரிலிருந்து சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60. கோப்பிக் கடையில் நின்று டோனட் எடுத்துக் கொடுத்தாலே மூன்று மடங்குக்கு மேல் வரும்.

இப்போது அதே அட்டியலுக்கு இப்படிப் போடுகிறேன். பொருள் 41. ஐந்து மணிநேரம், மணிக்கு 22 டொலர் படி, 110. பெட்டி 4. மொத்தம் 155. இதற்குமேல் 15 வீதம், அதாவது ஏறக்குறைய 23 டொலர், ஸ்டோல் வாடகைக்கும் உடைந்த கல்லுக்கும் கடைசி நேரத்தில் வேண்டாமென்று சொல்பவர்களுக்கும். 178 வருகிறது, 180 என்று சொல்கிறேன். கேட்கிற அன்ரி உடனே "தி.நகரில் இது ரெண்டாயிரம் ரூபாய் பிள்ளை" என்பார். சண்டை பிடிக்காதீர்கள். உண்மைதான் அன்ரி, அங்கே போனால் அங்கேயே வாங்குங்கோ, இது உங்கட மகளின்ர கழுத்தை அளந்து கட்டினது என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். பாதிப் பேர் போய்விடுவார்கள். போகட்டும். இணையத்தில் விற்றால் அந்த விற்பனைத் தளக்காரரின் பங்கையும் விலைக்குள் சேர்க்க வேண்டும்: எட்சியில் ஒரு பொருளைப் பட்டியலிட 20 அமெரிக்க சதம், விற்றால் 6.5 வீதம், பணம் கைக்கு வர இன்னொரு கழிவு.

சொல்லிச் செய்விக்கிற வேலைக்குப் பாதிப் பணம் முன்பணம். திருப்பித் தரமாட்டேன் என்பதை வட்ஸ்அப்பில் எழுதி, அவர்கள் சரி என்று பதில் போட்ட பிறகே கல்லைத் தொடுங்கள். சொந்தக்காரருக்கும் இதேதான். சொந்தக்காரருக்குத்தான் இது முக்கியமாகத் தேவை.

நகையில் குத்துகிற எழுத்து, துணியில் தைக்கிற சீட்டு

வெள்ளியில் 925 என்று குத்த ஆசையாக இருக்கும். கனடாவில் நகையில் தர முத்திரை போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் 925, 14 கரட் என்று ஒன்றைப் போட்டால், அதன் பக்கத்தில் உங்கள் வணிகச் சின்னமும் இருக்க வேண்டும், அந்தச் சின்னம் இங்கே பதிவானதாகவோ பதிவுக்கு விண்ணப்பித்ததாகவோ இருக்க வேண்டும். ஆகவே சின்னம் இல்லாத வரைக்கும் நகையில் எதையும் குத்தாமல், பற்றுச்சீட்டில் உலோகம் என்ன என்று உண்மையாக எழுதிக் கொடுங்கள். பூச்சு என்றால் பூச்சு என்று எழுதுங்கள். பித்தளையில் தங்கப்பூச்சு போட்டதை "ஒரு கிராம் தங்கம்" என்று விற்கிற பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு வரலாம்.

சின்னப் பிள்ளைகளுக்குச் செய்கிறீர்கள் என்றால், 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான நகையில் ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமையும் கட்மியம் 130 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. பரதநாட்டியம் பழகுகிற பிள்ளைகளுக்கு மலிவான வார்ப்பு நகை இறக்குமதி செய்து விற்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை. நான் வாங்குகிற இடத்தில் பரிசோதனை அறிக்கை கேட்கிறேன், இல்லையென்றால் வாங்குவதில்லை.

தைத்து அடுக்கி விற்கிற உடுப்பில் என்ன நூல் எத்தனை வீதம் என்பதை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் போட்ட சீட்டு இருக்க வேண்டும், விற்பவரின் பெயரும் முகவரியும் வேண்டும். வீட்டு முகவரியை ஊர் முழுக்கக் காட்ட விருப்பமில்லை என்றால் போட்டித்துறைப் பணியகத்தில் ஒருமுறை 100 டொலர் கட்டி ஒரு சி.ஏ. எண் எடுத்து, முகவரிக்குப் பதிலாக அதைப் போடலாம்.

சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பொருள் எடுப்பவர்களுக்கு: பெட்டியில் "அன்பளிப்பு" என்று எழுதச் சொல்லாதீர்கள். விற்பதற்கு வருகிற பொருள் அன்பளிப்பு ஆகாது. ஒருமுறை எனக்கு அனுப்பியவர் நல்லது செய்கிறேன் என்று நினைத்து அப்படி எழுதி, விலையையும் குறைத்துப் போட்டுவிட்டார். இரண்டு டசின் ஒட்டியாணம் ஒரே அத்தைக்கு அன்பளிப்பாக வருமா என்று சுங்க அதிகாரி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வணிக இறக்குமதிக்கு வரித் திணைக்களம் தருகிற உங்கள் வணிக எண்ணோடு இறக்குமதிக் கணக்கு ஒன்று திறக்க வேண்டும், 2024 ஒக்டோபரிலிருந்து சுங்கத்தின் இணையத்தளத்தில் அதற்குத் தனிப் பதிவும் வேண்டும்.

பதிவும் வரியும்

சொந்தப் பெயரிலேயே வியாபாரம் செய்தால் ஒன்ராறியோவில் பெயர் பதிவு தேவையில்லை. "செண்பகம் நகைகள்" மாதிரி ஏதாவது வைத்தால் இணையத்தில் 60 டொலர் கட்டிப் பதிய வேண்டும், ஐந்து வருடத்துக்குச் செல்லும்.

எச்.எஸ்.ரி. என்கிற விற்பனை வரி இங்கே 13 வீதம். தொடர்ந்து வருகிற நாலு காலாண்டுகளில் உங்கள் விற்பனை 30,000 டொலரைத் தாண்டாத வரைக்கும் அதை வசூலிக்கக் கட்டாயம் இல்லை. பலர் கோட்டை விடுகிற இடம் இதுதான்: அந்த 30,000 நகைக்கு மட்டும் தனி, தையலுக்குத் தனி, நடிப்புக்குத் தனி என்று கிடையாது. சொந்தத் தொழிலாக நீங்கள் விற்கிறதெல்லாம், சுயதொழிலாக நடித்து எடுக்கிற கூலியும் சேர்த்து, ஒரே குவியல். நகையில் 24,000, பிளவுஸில் 4,000 என்று நிம்மதியாக இருக்கிறபோது ஒரு நல்ல விளம்பரம் வந்தால் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். அதனால்தான் கொப்பி ஒன்று என்று சொல்கிறேன், மூன்று இல்லை.

வருமான வரிப் படிவத்தை ஜூன் 15 வரைக்கும் கொடுக்கலாம், ஆனால் கட்ட வேண்டிய பணத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. முதலாளி இல்லாததால் ஓய்வூதியப் பங்கில் இரண்டு பக்கத்தையும் நீங்களே கட்ட வேண்டும், ஏறக்குறைய 12 வீதம். வருகிற ஒவ்வொரு டொலரிலும் கால்வாசியை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள், அது உங்கள் காசு இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டுகளை ஆறு வருடம் வைத்திருங்கள். தொடங்கப் பணம் இல்லையென்றால் ஒன்ராறியோவின் ஸ்ராட்டர் கம்பனி பிளஸ் திட்டத்தில் 5,000 டொலர் வரை மானியம் உண்டு. பயிற்சியும் தருகிறார்கள், திட்டம் எழுதிக் காட்ட வேண்டும்.

நடிப்பு

மிசிசாகாவில் வளர்ந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் என்கிற தமிழ்ப் பிள்ளை, 15,000 பேருக்கு மேல் விண்ணப்பித்த திறந்த தேர்வில் நெட்பிளிக்ஸின் "நெவர் ஹாவ் ஐ எவர்" தொடருக்கு நாயகியாகத் தெரிவானதைச் சொல்லி எல்லோரும் உசுப்பேற்றுவார்கள். அது உண்மை, நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்தக் கணக்கை மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும். ஆகவே நடிப்பை நம்பி அடுப்பு மூட்டாதீர்கள், வந்தால் ஒரு நாள் கூலி என்று வையுங்கள்.

தொடங்குவதற்கு வேண்டியவை கொஞ்சம்தான். முகம் தெளிவாகத் தெரிகிற இரண்டு படங்கள், அதிக ஒப்பனை இல்லாமல், நகை இல்லாமல் (நகைக்காரர்களுக்கு இது கஷ்டம், எனக்குத் தெரியும்). வீட்டிலேயே நல்ல வெளிச்சத்தில் வெற்றுச் சுவருக்கு முன்னால் போனில் எடுத்து அனுப்புகிற ஒடிஷன் காணொளி, இப்போது பெரும்பாலும் அதுதான் கேட்கிறார்கள். எதிரே வசனம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். என் கணவர் வசனம் வாசித்தால் வானிலை அறிக்கை மாதிரி இருக்கும், இருந்தாலும் பரவாயில்லை, அவர் முகம் படத்தில் வராது. உச்சரிப்பைப் பற்றி வெட்கப்படாதீர்கள். தெற்காசிய அம்மா, மருந்தகத்தில் நிற்கிற அன்ரி, பக்கத்து வீட்டுக்காரி என்று தேடுகிறவர்களுக்கு அந்த உச்சரிப்புத்தான் வேண்டும். அதே வேடத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய அலுக்கும், அது வேறு கதை.

முகவர் கிடைத்தால், அவர் எடுப்பது நீங்கள் சம்பாதித்ததில் ஒரு பங்கு, பொதுவாக 10 முதல் 15 வீதம். முன்பணம் கேட்பவர், தன்னிடமே படம் எடுக்க வேண்டும், தன் வகுப்பிலேயே சேர வேண்டும் என்பவர் முகவர் இல்லை. நான் வந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் 600 டொலர் கட்டினேன். மூன்று மாதம் கழித்துப் போனபோது அந்த அறையில் பல் வைத்தியர் இருந்தார்.

நடிகர்களின் தொழிற்சங்கம் அக்ட்ரா, 1943-இலிருந்து இருக்கிறது. அங்கத்தவர் இல்லாதவர் சங்கப் படப்பிடிப்பில் நடிக்க, சங்கத்திடமிருந்து ஒவ்வொரு வேலைக்கும் காசு கட்டி ஒரு அனுமதி எடுக்க வேண்டும். அதற்கும் பெயர் வேர்க் பெர்மிட்தான்! குடிவரவுக்காரர் தருகிற வேர்க் பெர்மிட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒன்று இருந்தால் மற்றது இருக்கிறது என்று நினைத்துக் குழம்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

நம்மவர்கள் எடுக்கிற குறும்படங்களில் பெரும்பாலும் காசு இராது. போகலாம், ஆனால் மூன்றை முதலே கேளுங்கள்: போக்குவரத்துச் செலவு, சாப்பாடு, நீங்கள் வருகிற காட்சியின் பிரதி. மூன்றாவதைத் தரச் சம்மதிக்காதவருக்கு நாள் கொடுக்காதீர்கள், அந்தக் காட்சிதான் உங்கள் அடுத்த ஒடிஷனுக்கு மூலதனம்.

இரண்டும் மோதுகிற நாள்

மே முதல் ஒக்டோபர் வரை சனி, ஞாயிறுகளில் கல்யாணம், சாமத்திய வீடு, அரங்கேற்றம். வெயில் காலத்தில்தான் படப்பிடிப்பும் அதிகம். ஒரு படப்பிடிப்பு நாள் பன்னிரண்டு மணிநேரம் இழுக்கும், விடியற்காலை ஐந்துக்கு வரச் சொல்வார்கள், போய் மூன்று மணிநேரம் சும்மா இருக்க வைப்பார்கள். ஆகவே விநியோகத் தேதிக்கு முந்தைய நாலு நாட்களில் நடிப்பை ஒப்புக்கொள்வதில்லை என்று கொப்பியில் கோடு போட்டிருக்கிறேன். அந்தச் சும்மா இருக்கிற மூன்று மணிநேரத்துக்கு மணி கோர்க்கிற வேலை கொண்டுபோகலாம், ஆனால் கெம்புக்கல் கொண்டுபோகாதீர்கள், ஒன்று விழுந்தால் கேபிள்களுக்கு நடுவில் தேட முடியாது.

கையைக் கவனியுங்கள். மெருகு போட்ட கறுப்பு நகத்தடியில் இருந்தால் நெருக்கக் காட்சியில் தெரியும், எலுமிச்சம்பழமும் பழைய பல்துலக்கியும் முதல் நாள் இரவே. செட்டில் கண்ணாடி வளையலும் கொலுசும் போட்டுப் போனால் ஒலிப்பதிவு செய்பவர் உங்களை முறைப்பார், பளபளக்கிற பதக்கம் போட்டால் ஒளிப்பதிவாளர் முறைப்பார்.

கடைசியாக, உங்களிடம் நகை இருக்கிறது என்று தெரிந்ததும் உடை அலங்காரக்காரர் "அந்த செட்டை நாயகிக்குக் கொஞ்சம் தாங்கோ" என்பார். கொடுங்கள், ஆனால் சும்மா கொடுக்காதீர்கள். ஒரு நாள் வாடகை எவ்வளவு, தொலைந்தால் எவ்வளவு, திரையில் பெயர் வருமா, எப்போது திரும்பும் என்று எழுதி, எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நான் கொடுத்த ஒரு ஜோடி ஜிமிக்கியில் ஒன்றுதான் திரும்பி வந்தது. மற்றது இன்னும் எடுக்கப்படாத காட்சிக்கு வேண்டுமாம், தொடர்ச்சி கெடக்கூடாதாம். அது நடந்து இரண்டு வருடம். ஒற்றை ஜிமிக்கி மேசை லாச்சிக்குள் இருக்கிறது, கொப்பியில் அந்த வரிக்கு நேரே இன்னும் "வரவேண்டியது" என்றுதான் எழுதியிருக்கிறது.